மேகத்தை அடையாளம் காண்பது: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கறுத்துக் கிடந்தால் அது மழை மேகம்தானே?

நிறத்தை நம்பாதீர்கள். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருக்கும்போது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் அதே மேகம், சூரியனை மறைத்து நின்றால் கறுப்பாகிவிடும். விளிம்பைப் பாருங்கள், திட்டுகளின் அளவைப் பாருங்கள், அப்புறம் சூரியன் அதன் வழியே எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

கேள்வி: திட்டுத் திட்டாகத் தெரியும் மேக வகைகளான கீற்றுத்திரள், இடைத்திரள், படைத்திரள் மூன்றும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறதே?

கையை முழுசாக நீட்டுங்கள். அடிவானத்தை ஒட்டி இல்லாமல் நன்றாக மேலே இருக்கும் ஒரு திட்டைச் சுண்டுவிரலால் மறைக்க முடிந்தால் அது கீற்றுத்திரள், மூன்று விரல் தேவைப்பட்டால் இடைத்திரள், அதற்கும் அடங்காவிட்டால் படைத்திரள். கீற்றுத்திரளில் நிழல் விழுந்த சாம்பல் பக்கமே இருக்காது.

கேள்வி: சாதாரணத் திரள் மேகம் இடி மேகமாவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உச்சியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வளரும் திரள் மேகத்தின் தலை காலிஃபிளவர் மாதிரி, கத்தியால் செதுக்கியதுபோல் கூர்மையான விளிம்போடு இருக்கும், அதுவரை அதில் பெரும்பாலும் நீர்த்துளிகள்தான். திடீரென்று அந்தப் புடைப்புகள் மங்கி, பஞ்சைக் கோதிவிட்டதுபோல் இழை இழையாக மாறும், அதாவது உச்சி பனிப் படிகமாக உறைந்துவிட்டது, அதுதான் கார்திரள், அதாவது இடி மேகம். அதற்கு மேல் ஏற முடியாமல் தலை பக்கவாட்டில் பரவிக் கொல்லனின் பட்டடைக்கல் போலத் தட்டையாகும். தூரத்தில்தானே என்று வெளியே நிற்க வேண்டாம், மழை விழாத இடத்திலும் அதன் மின்னல் இறங்கும்.

கேள்வி: நேற்று நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் கட்டியிருந்தது. மழை வருமா?

வட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். வட்டம் கட்ட வைப்பது கீற்றுப்படை என்ற மேகம், மெல்லிய பனிப் படிகத் திரை, அந்த வட்டம் நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி இருக்கும். திரை தடித்து, வட்டம் போய், சொரசொரப்பான கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் சூரியன் மங்கித் தரையில் நிழலே விழவில்லை என்றால் இடைப்படை. அதுவும் தடித்துச் சூரியனே காணாமல் போனால் கார்ப்படை, அப்போது குடை எடுங்கள், விடாமல் பெய்யும்.

கேள்வி: விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடும் மேகமா?

மேகம்தான். 10 நிமிடமாவது கலையாமல் நின்றால் அதை உயரத்தில் இழை இழையாகத் தெரியும் கீற்று மேகமாகவே கணக்கில் எடுக்கலாம் என்று உலக வானிலை அமைப்பின் மேக அட்லஸ் 2017 பதிப்பில் சேர்த்துவிட்டார்கள்.