மழைநீர் ஏன் உப்புக் கரிப்பதில்லை?

கேள்வி: கடலூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4, 5ஆம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். மொத்தம் 27 பிள்ளைகள், பாதிப் பேர் மீனவக் குடும்பம். நீர்ச்சுழற்சியை எழுதச் சொன்னால் படம் போட்டு, அம்புக்குறி வைத்து எழுதிவிடுகிறார்கள். கொடியில் காய்ந்த துணியின் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஆய்வுக்கூடம் கிடையாது, நேரமும் குறைவு. புரிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?

பதில்: துணித் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டீர்களே, அதுதான் டீச்சர் மதிப்பீடு. அதைப் பாடம் முடிந்த பிறகு கேட்காமல், பாடத்தின் முதல் நிமிடத்திலேயே கேளுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டாம், 'ஆவியாதல்' என்ற சொல்லையே எடுக்க வேண்டாம்.

"வெயில் குடிச்சிடுச்சு", "கீழே சொட்டிடுச்சு", "துணி உள்ளே இழுத்துக்கிச்சு" என்றெல்லாம் பதில் வரும். ஒன்றையும் திருத்தாதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வையுங்கள். கேட்டவுடன் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் தாவிவிடவும் கூடாது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் கண்டார். அதை 3 நொடி ஆக்கினாலே பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் அது ஒரு யுகம் போலத் தெரியும்.

அப்புறம் சோதனை. இரண்டு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர் போதும். மூன்றிலும் இரண்டிரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஒரு தட்டைத் திறந்து வையுங்கள், இன்னொன்றை மூடிவிடுங்கள், டம்ளர் திறந்தே இருக்கட்டும். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் வகுப்பறைக்குள்ளேயே வைத்துக் கதவைப் பூட்டுங்கள். பூட்டுவதற்கு முன்னால், காலையில் எதில் தண்ணீர் இருக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதத் திணறும் பிள்ளை படம் போடட்டும், இல்லையென்றால் காதில் வந்து சொல்லட்டும். அறிவியல் நன்றாகப் புரிந்த பிள்ளைக்கு எழுத்துப் பிழையால் மதிப்பெண் குறைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம்.

காலையில் திறந்த தட்டு காய்ந்திருக்கும். டம்ளரில் தண்ணீர் மிச்சம் இருக்கும், மூடிய தட்டில் அப்படியே இருக்கும். ராத்திரி, பூட்டிய அறை, வெயிலே கிடையாது. "வெயில் குடிச்சிடுச்சு" என்று சொன்ன பிள்ளையின் முகத்தை அப்போது பாருங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் திருத்தாமலே அது தன் பதிலைத் திரும்ப யோசிக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஏற்கெனவே அனுபவம் உண்டு. முதுநகர்ப் பக்கம் ஒரு வகுப்பில் இதைச் செய்தபோது, எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி எழுந்து, "சார், காத்து அடிச்சா வெயில் கம்மியா இருந்தாலும் கருவாடு காஞ்சிடும். குவிச்சுப் போட்டா காயாது, எங்க ஆயா பரப்பித்தான் போடும்" என்றாள். காற்று, பரப்பு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவளுடைய தேர்வுத்தாளில் ஆவியாதல் பகுதி காலியாக இருந்தது.

அடுத்த கட்டமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒரு பாட்டில் கடல்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள். துணியில் வடிகட்டி, அரை டம்ளர் அளவு, அதாவது 100 மில்லி, தட்டில் ஊற்றி நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு இருப்பதால், தட்டில் அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளையாகப் படியும். நாக்கில் வைக்க மட்டும் விடாதீர்கள். கெடிலம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீர் என்றால் உப்பும் குறையும், சுத்தமாகவும் இருக்காது.

இப்போது இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "கடல் தண்ணிதானே மேலே போய் மழையா வருது? அப்ப மழைத்தண்ணி ஏன் கரிக்கல?"

தண்ணீர் மட்டும் போனது, உப்பு தட்டிலேயே தங்கிவிட்டது என்று தன் வார்த்தையில் சொல்லும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அம்புக்குறிப் படத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்திருந்தாலும் அதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நாமும் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இட்லிப் பானையிலிருந்து வெள்ளையாக எழும்புவதைக் காட்டி 'இதுதான் நீராவி' என்று சொல்லிவிடுகிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீரான நுண்துளிகள். அதைத் தவறாகச் சொல்லிவிட்டால், காய்ந்த துணியிலிருந்து புகை ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்கும்போது நமக்குப் பதில் இருக்காது. ஆவி குளிர்வதைக் காட்ட, டம்ளரில் ஜில்லென்று ரோஸ்மில்க் ஊற்றி வையுங்கள். வெளியே முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் ரோஸ் நிறமா என்று கேளுங்கள். உள்ளேயிருந்து கசிகிறது என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

சரி, மதிப்பெண். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டில் பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறிக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறியைப் பல இடங்களில் சார்ட் ஒட்டுவதற்கும் மாதிரி செய்து வருவதற்கும் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா செய்து கொடுத்த தெர்மாகோல் எரிமலைக்கு அம்மாவுக்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். உங்கள் செயல்பாட்டுக்கு 10 மதிப்பெண் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதற்கு 3, காரணம் சொன்னதற்கு 4, அதே காரணத்தை வேறோர் இடத்தில் பொருத்தியதற்கு 3. முன்கூட்டிச் சொன்ன யூகம் தப்பானால் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை எல்லோரும் முதல் ரேங்க் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் யூகம் எழுதுவார்கள்.

27 பேரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு 5 பேர். மற்றவர்கள் படம் வரையும்போது ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு, பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'நன்று', 'முயற்சி தேவை' போன்ற சொற்களால் உங்களுக்கும் பயனில்லை, பெற்றோருக்கும் பயனில்லை.

பிள்ளையின் நோட்டில் முதலில் எண்ணைப் போடாதீர்கள். 5, 6ஆம் வகுப்பு வயதுப் பிள்ளைகளை வைத்து கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் நன்றாகச் செய்தார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே "மூடிய தட்டு ஏன் காயவில்லை என்று ஒரு வரி சேர்" என்று எழுதிக் கொடுங்கள். அது திருத்திக் கொண்டுவந்த பிறகு மதிப்பெண்ணைப் பதிவேட்டில் போட்டுக்கொள்ளலாம்.

வகுப்புத் தேர்வுக்கு நீங்களே கேள்வி தயாரிக்கும்போது, 'ஆவியாதல் என்றால் என்ன?' என்பதை எடுத்துவிட்டு, 'ராத்திரி துடைத்த தரை காலையில் காய்ந்திருந்தது. வெயில் இல்லை. தண்ணீர் எங்கே போனது?' என்று கேளுங்கள். பாடம் அதேதான், மனப்பாடம் மட்டும் உதவாது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம். நம் கடலோரத்தில் அப்போது காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், தட்டு காயாது. தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடைமழையில் வீட்டுக்குள் கொடி கட்டி மூன்று நாளாகியும் சீருடை காயவில்லை என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், அன்றைக்குப் பாடவேளையில் அதையே கேள்வியாக வைத்துவிடுங்கள்.