புதுக் கப்பல் கம்பெனியை நம்பலாமா? – கடிதம்

அண்ணா, வணக்கம்ங்க.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். அடுத்த வருடம் அப்பாவுக்கு மணிவிழா. திருக்கடையூர் போய் வந்ததும் அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், பையன் (11), பாப்பா (7) எல்லோருமாகக் கிரேக்கத் தீவுகளுக்குச் சொகுசுக் கப்பலில் போக ஆசை. கோவையில் இருக்கும் டிராவல் ஏஜென்ட் எக்ஸ்ப்ளோரா ஜர்னீஸ் என்கிற கம்பெனியைச் சொல்கிறார். 2023-இல்தான் அதன் முதல் கப்பலே ஓட ஆரம்பித்திருக்கிறது. இப்போதே முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடி உண்டாம். புதுக் கம்பெனி, வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

தாராளமாகப் போகலாம். முழுப் பணத்தை மட்டும் இப்போது கட்டாதீர்கள்.

புதிய பையர் ஆர்டர் கொடுத்தால் நீங்கள் என்ன விசாரிப்பீர்கள்? கடை எத்தனை வருடமாக இருக்கிறது என்பதைவிட, பணம் எங்கிருந்து வருகிறது, எந்த பேங்க் எல்.சி. (பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்) திறக்கிறது என்றுதானே? கப்பலுக்கும் அதையே கேளுங்கள். எக்ஸ்ப்ளோராவின் பின்னால் இருப்பது எம்எஸ்சி குழுமம். தூத்துக்குடிக்குச் சரக்கு அனுப்புகிறவர் நீங்கள், எம்எஸ்சி என்று எழுதிய கண்டெய்னர்களைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் கம்பெனி அது. பயணிகள் கப்பலும் பல வருடங்களாக ஓட்டுகிறார்கள். எக்ஸ்ப்ளோராவுக்கு மட்டும் இத்தாலியின் ஃபின்கான்டியேரி கப்பல் கட்டும் தளத்தில் ஆறு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு தத்தளிக்கிற கம்பெனி அல்ல.

பழைய பெயர் என்பதால் மட்டும் பணம் பத்திரம் என்று சொல்ல முடியாது. கிரிஸ்டல் குரூசஸ் 30 வருடத்துக்கு மேல் பெயர் வாங்கிய சொகுசுக் கம்பெனி. 2022 ஜனவரியில் அதன் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் முடங்கியது. மயாமிக்குத் திரும்ப வேண்டிய அதன் கப்பல் கிரிஸ்டல் சிம்பொனி, எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றம் கப்பலைப் பிடிக்க உத்தரவிட்டதும் பஹாமாஸ் பக்கம் ஒதுங்கிவிட்டது. பயணிகளை அங்கிருந்து ஃபெர்ரியில் ஏற்றி அனுப்பினார்கள். நம் ஊரிலும், 2019-இல் மும்பையில் ஆரம்பித்த ஜலேஷ் என்கிற கப்பல் கம்பெனி அடுத்த வருடமே மூடப்பட்டது. அதன் கப்பல் குஜராத்தில் இருக்கும் அலாங்கில் உடைபடப் போனது.

புதிய கம்பெனியில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தேதி. ரிட்ஸ்-கார்ல்டனின் முதல் உல்லாசக் கப்பல் எவ்ரிமா 2020 பிப்ரவரியில் கிளம்ப வேண்டியது, தள்ளித் தள்ளி 2022 அக்டோபரில்தான் கிளம்பியது. எக்ஸ்ப்ளோராவின் முதல் கப்பலும் ஜூலை 17-இல் இருந்து ஆகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போனது. தீத்தடுப்புப் பலகைகள் தரமாக இல்லாமல் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாமல் கிளப்பாததற்கு நான் அவர்களை மெச்சுகிறேன், ஆனால் முதல் பயணத்துக்கு லீவு போட்டு டிக்கெட் எடுத்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அதனால் இன்னும் கட்டி முடிக்காத கப்பலை ஏஜென்ட் காட்டினால், தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் தொட வேண்டாம். எக்ஸ்ப்ளோரா 1 அல்லது 2 என்று கேளுங்கள். அவை ஓடிப் பழகிவிட்டன. மணிவிழாவைத் தள்ளிவைக்க முடியாது இல்லையா?

அப்புறம் பணம். முன்பணம் மட்டும் கட்டுங்கள். மீதியை வழக்கமாகப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் கேட்பார்கள். ஏஜென்ட் கொடுக்கும் ரசீது போதாது, உங்கள் பெயரில் கப்பல் கம்பெனி தரும் புக்கிங் எண் கைக்கு வர வேண்டும். கம்பெனியோ ஏஜென்ட்டோ நொடித்துப்போனால் பயணக் காப்பீடு பணம் தருமா என்று எழுத்தில் வாங்குங்கள். கிரேக்கம் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். விசா கிடைக்காமல் ரத்து செய்தால் எந்தத் தேதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணையை இப்போதே கேட்டு வையுங்கள். கிரேக்கத் தீவுகளோடு துருக்கியின் குஷாதசியும் சேர்ந்து, மறுபடி கிரேக்கத்துக்குள் வருவதாக இருந்தால், பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். துருக்கிக்கு என்ன வேண்டும் என்பதையும் தனியாக விசாரியுங்கள்.

இவ்வளவையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அப்பாவின் முழங்கால். சாந்தோரினித் தீவில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறி, பழைய துறைமுகத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேலே ஃபிரா ஊருக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள், இல்லையென்றால் கழுதை, இல்லையென்றால் கேபிள் கார். நாலைந்து கப்பல்கள் ஒரே நாளில் வந்துவிட்டால் கேபிள் காருக்கு வெயிலில் நீண்ட வரிசை. அப்பாவுக்கு மூட்டு வலி இருந்தால், அந்த ஊரில் எப்படி இறங்குவது, மேலே எப்படிப் போவது என்று கேட்காமல் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.

குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வைக்கிங் மாதிரி சில கம்பெனிகள் 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதே இல்லை. எக்ஸ்ப்ளோராவில் 6 முதல் 17 வயது வரை அவர்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. அம்மா சைவம் என்றால் முட்டை, மீன் சாறு வரைக்கும் விவரமாக எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். தயிரும் சோறும் தினமும் கிடைக்குமா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அவ்வளவு விலை கொடுக்கிறீர்கள்.

கப்பல் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னாடியே ஏதென்ஸ் போய்ச் சேருகிற மாதிரி விமான டிக்கெட் எடுங்கள். ஏஜென்ட்டிடம் எதையும் போனில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். அவர் பதில் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், ரத்துக் கட்டண அட்டவணையைச் சேர்ந்து படித்துப் பார்த்துவிடலாம். அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.