ட்ராப் சுட முதல் துப்பாக்கி: குறைந்த செலவில் எந்த ஓவர்-அண்டர்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். என் மகனுக்கு 22 வயது. கிளப் துப்பாக்கியில் ட்ராப், அதாவது பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு, பழகுகிறான், ஆர்வமும் இருக்கிறது. சொந்தமாக ஓவர்-அண்டர் (குழல்கள் மேலும் கீழுமாக உள்ள துப்பாக்கி) வேண்டும் என்கிறான். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. குறைந்த செலவில் எதை வாங்கலாம்? பயிர்ப் பாதுகாப்புக்காக என் அப்பா வாங்கிய பழைய இரட்டைக் குழல் வீட்டில் இருக்கிறது, லைசென்ஸ் இப்போது என் பெயரில். அதையே வைத்து ஓட்ட முடியாதா?

பதில்: வீட்டுத் துப்பாக்கியை இதற்கு எடுக்காதீர்கள். குழல்கள் பக்கம் பக்கமாக இருக்கும் அந்த வகை, வரப்பில் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகச் செய்தது. எடை குறைவு, அதனால் உதை அதிகம். ஒரே நாளில் நூறு தோட்டா சுட்டால் தோள் தாங்காது. பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா வைக்கும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் சுடுவது ஆபத்து. இன்னொன்று, லைசென்ஸ் உங்கள் பெயரில் இருப்பதால் மகன் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போக முடியாது.

ட்ராப்புக்கு ஏன் மேலும் கீழுமாகக் குழல் உள்ள துப்பாக்கி என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். ஒலிம்பிக் முறையில் தட்டு எறியும் குழிக்கு 15 மீட்டர் பின்னால் நின்று சுடுகிறோம். தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர். அது நம்மை விட்டு விலகி, மேலே ஏறி, இடமோ வலமோ 45 டிகிரி வரை திரும்பி, 76 மீட்டர் தூரம் போய் விழும் வேகத்தில் பறக்கிறது. முதல் தோட்டா போய்ச் சேரும்போது தட்டு நம்மிடமிருந்து 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். தவறினால் உடனே இரண்டாவது. ஓவர்-அண்டரில் கீழ்க் குழலை முதலில் சுடுகிறோம். அது தோளுக்கு நேர்க்கோட்டில் இருப்பதால் உதை நேராகப் பின்னால் வருகிறது, குழல் வாய் அதிகம் தூக்குவதில்லை, கண் தட்டை விடுவதில்லை.

சரி, எதை வாங்குவது? பிராண்டைப் பற்றி யோசிக்கும் முன் கட்டையை, அதாவது தோளில் வைக்கும் மரப் பகுதியை, பற்றி யோசியுங்கள். ஷாட்கன் என்ற இந்த வகைத் துப்பாக்கியில், கண்ணுக்கு அருகே குறி பார்க்க உதவும் பின் குறி கிடையாது. கண்தான் பின் குறி. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ, அதை வைத்துத்தான் ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சின்ன ஈயக் குண்டுகள்) எங்கே போகும் என்பது முடிவாகிறது. கட்டை பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த துப்பாக்கியும் தட்டுக்குப் பக்கத்தில்தான் சுடும். பையனை, காலித் துப்பாக்கி என்று இரண்டு முறை பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும், தலையை நகர்த்தாமலே, பார்வை ரிப்பின், அதாவது குழலின் மேல் ஓடும் பட்டையின், நடுவே நேராக ஓட வேண்டும். ரிப்பில் குறி பார்க்க உதவும் இரண்டு சின்ன மணிகள் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று 8 போலத் தெரிவது ட்ராப்புக்கு நல்லது. தட்டு ஏறிக்கொண்டே இருப்பதால் ட்ராப் துப்பாக்கி கொஞ்சம் மேலே சுட வேண்டும். ரவையில் அறுபது, எழுபது சதவீதம் குறிக்கு மேலே விழுவது போலக் கட்டையின் மேற்புறம் உயர்த்தி வைத்திருப்பார்கள். ஏற்றி இறக்கும் கன்னப் பகுதி இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், பழகப் பழக ஒருவர் துப்பாக்கி ஏற்றும் விதம் மாறும். அப்புறம், எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால் அதை எந்தத் துப்பாக்கியும் சரிசெய்யாது. பயிற்சியாளரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

மற்ற அளவுகள் எளிது. 12 போர், 70 மில்லிமீட்டர் அறை, 30 அல்லது 32 அங்குலக் குழல், எடை மூன்றரையிலிருந்து நாலு கிலோவுக்குள். சோக், அதாவது ரவை அதிகம் சிதறாதபடி குழல் வாயைக் குறுக்கும் அளவு, கீழ்க் குழலுக்கு முக்கால், மேலே ஃபுல். போட்டியில் தோட்டாவின் ரவை எடை 24 கிராம்தான். லேசான தோட்டா, கனமான துப்பாக்கி என்ற இந்தச் சேர்க்கைதான் தோளைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் மூன்று கிலோ சொச்சம் உள்ள வேட்டை மாடலை, விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம் என்கிறேன்.

பெராசி என்ற இத்தாலிய பிராண்டில் புதுத் துப்பாக்கியின் விலைக்கு ஒரு டிராக்டர் வாங்கலாம். முதல் துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் பழைய மிரோக்குவைத்தான் முதலில் தேடுவேன். ப்ரௌனிங் பெயரில் விற்கும் ஓவர்-அண்டர்களில் பலவற்றைச் செய்வது ஜப்பானின் இதே மிரோக்கு ஆலைதான். அதே வேலைப்பாடு, பெயருக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அடுத்து பெரெட்டாவின் 680 வரிசை, அதாவது 682, 686. தேய்கிற பாகங்களை மாற்றிக்கொள்ள முடிகிற அமைப்பு என்பதால் ஆயுள் நீளம். இந்த இரண்டிலும் பல பத்தாயிரம் தோட்டா சுட்ட துப்பாக்கிகூட நன்றாகப் பராமரித்திருந்தால் இன்னும் அவ்வளவு சுடும். துருக்கியிலிருந்து வரும் புதிய துப்பாக்கிகள் பார்க்க அழகாக இருக்கும், விலையும் இழுக்கும். சுற்றுக்கு 25 தட்டு வீதம் வாரம் ஒரு நாள் நாலு சுற்று சுட்டாலே வருடத்துக்கு 5,000 தோட்டாவுக்கு மேல் ஆகிறது. அந்த உழைப்புக்கு ஸ்பிரிங்கும் ஃபயரிங் பின்னும் தாங்குமா, உடைந்தால் உதிரி இங்கே கிடைக்குமா என்பதற்கு விற்பவர் தெளிவான பதில் சொன்னால் மட்டும் பாருங்கள்.

பழைய துப்பாக்கியைப் பார்க்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மூடியதும் மேலே உள்ள திறப்பு நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நின்றால் தேய்மானம் குறைவு, நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. குழலைத் தனியாகத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் ரிப் எங்கோ விட்டிருக்கிறது. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே துருக்குழி, வீக்கம், நசுங்கல் பாருங்கள். கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கும். குழலிலும் உடலிலும் உள்ள வரிசை எண்ணை விற்பவரின் லைசென்ஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தாலும், ரேஞ்சில் ஒரு சுற்றாவது சுட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது என்றால், நம் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர். டெல்டாவை ஒட்டிய அந்த ஊரிலும் திருச்சியிலும் சுடுபவர்களிடம் பழகினால் எந்தத் துப்பாக்கி விற்பனைக்கு வருகிறது, அது எப்படிப் பயன்பட்டது என்பதெல்லாம் தெரியவரும். வெளிநாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்களுக்கான அனுமதியில் இறக்குமதியானவை. அதை யாருக்கு விற்கலாம் என்பதில் நிபந்தனை இருக்கக்கூடும். இறக்குமதிக் காகிதங்களைப் பார்த்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உறுதி செய்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.

லைசென்ஸ் மகன் பெயரில், விளையாட்டுக்கென்றே எடுங்கள். 21 வயது முடிந்திருப்பதால் வயதுத் தடை இல்லை. சாதாரண லைசென்ஸில் வருடத்துக்கு அனுமதிக்கும் தோட்டா இந்த விளையாட்டுக்குப் போதாது; துப்பாக்கி சுடும் சங்கத்தின் உறுப்பினராக, விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பித்தால் கூடுதலாகக் கேட்க முடியும். லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று அறுவடை முடிந்த வயலில் தட்டு எறிந்து பழகவும் கூடாது. அந்தச் சின்ன ரவையும் சுமார் 200 மீட்டர் போகும், மண்ணில் ஈயம் தங்கும். பயிற்சி ரேஞ்சில் மட்டும்தான்.

பணத்தைப் பிரிக்கும்போது, முதல் வருடத் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் காது, கண் பாதுகாப்புக்கும் உள்ளதை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மீதி எவ்வளவோ அதுதான் துப்பாக்கிக்கு. அது போதவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடட்டும், ஒன்றும் கெட்டுவிடாது.

கடைசியாகப் பராமரிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்துக் காற்றே ஈரம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்பும் சேரும். சுட்ட அன்றே குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். துணி உறையிலோ பெட்டியிலோ மாதக்கணக்கில் அடைத்து வைக்காமல், பூட்டிய இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சங்கத்தில் உறுப்பினரான வீரர்களுக்கு விலக்கு கேட்க வழி உண்டு, அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாக எண்ணெய் போட்டுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, திரும்பப் பெற்றதும் குழலுக்குள் பார்த்துவிட்டுச் சுடச் சொல்லுங்கள்.