எஸ்ஜிபிடி கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, கல்லீரலுக்கு ஒன்றுமில்லையா?

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். கணவருக்கு 45 வயது. பல வருடமாகத் தினமும் ஒரு குவார்ட்டர் விஸ்கி. கம்பெனி செக்கப்பில் எஸ்ஜிஓடி 98, எஸ்ஜிபிடி 49, ஜிஜிடி 215, எம்சிவி 103, பிளேட்லெட் 1.5 லட்சம். "டெஸ்டுக்கு முன்னால் நாலு நாள் குடிக்கவில்லை. எஸ்ஜிபிடி கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் கல்லீரல் செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும் என்சைம்கள். குடிப்பவர்களுக்கு எஸ்ஜிபிடியை மட்டும் பார்த்துக் கல்லீரலை எடைபோட முடியாது. அந்த என்சைமுக்கு வைட்டமின் பி6 வேண்டும். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு அது குறைந்துவிடும். அதனால் செல்கள் சிதைந்தாலும் எஸ்ஜிபிடி பெரிதாக ஏறாது. எஸ்ஜிஓடி அப்படியல்ல. மது செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குவதால் அங்கிருந்தும் அது ரத்தத்தில் கலக்கிறது. உங்கள் கணவருக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. சர்க்கரை, பருமனால் வரும் கொழுப்புக் கல்லீரலில் பெரும்பாலும் எஸ்ஜிபிடிதான் முந்தி நிற்கும். மதுவால் வரும் பாதிப்பில் எஸ்ஜிஓடி 400ஐத் தாண்டுவதே அபூர்வம். எனவே 98ஐச் சின்ன எண் என்று ஒதுக்க வேண்டாம்.

நாலு நாள் நிறுத்தியதால் மற்ற எண்கள் ஏமாறவில்லை. குடியால் ஏறும் இன்னொரு கல்லீரல் என்சைமான ஜிஜிடி பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் அதன் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி இறங்கச் சில மாதங்கள் பிடிக்கும். பித்தப்பாதை அடைப்பு, வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் ஆகியவற்றாலும் ஜிஜிடி ஏறும். பி12 குறைந்தால் எம்சிவி கூடும். ஆனால் இங்கே எஸ்ஜிஓடி, ஜிஜிடி, எம்சிவி மூன்றும் மதுவின் பக்கமே கைகாட்டுகின்றன.

எனக்குக் கவலை தருவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்தான். கல்லீரலில் தழும்பு கூடினால் இது குறையும். 1.5 லட்சம் கீழ் எல்லை என்பதால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்திருக்காது. கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்கைப் போடுங்கள்: 45ஐ (வயது) 98ஆல் (எஸ்ஜிஓடி) பெருக்குங்கள். அதை 150ஆலும் (பிளேட்லெட், ஆயிரத்தில்), பிறகு 7ஆலும் (எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம்) வகுங்கள். விடை 4.2. 1.3க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2.67க்கு மேலே போனால் கல்லீரலில் தழும்பு அதிகம் இருக்க வாய்ப்புண்டு. குடி தொடரும்போது எஸ்ஜிஓடி இந்த எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால் இதை வைத்தே முடிவுகட்ட மாட்டோம். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிற்றில் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்), கூடவே அல்ட்ராசவுண்ட், பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), பிடி-ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்), ஹெபடைடிஸ் பி, சி எடுத்துவிடுங்கள். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) முற்றியவருக்கும் என்சைம்கள் நார்மலாக வரலாம். கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்வது அல்புமினும் ஐஎன்ஆரும்தான்.

லிவர் டானிக் குடித்துக்கொண்டே குடியையும் தொடர்ந்தால் பலனில்லை. குடியை நிறுத்தியே ஆக வேண்டும். அந்த நாலு நாளில் கை நடுங்கியதா, வியர்த்துக் கொட்டியதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், பிறகு புத்தி தடுமாறலாம். பக்கத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்துங்கள். எங்கே சேர்த்தாலும் குடிப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டியிருக்கும். கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள்.