வானம்பாடி இல்லாத வயல் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நிதானமாக நடப்பதைப் பற்றி நீங்கள் தளத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பினேன். ஏப்ரல் வெயில், குளிர் அதிகமில்லை. வயல்களுக்கு நடுவே போகும் பொதுப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தேன். வழியில் நாலைந்து சின்னக் குளங்கள். எல்லாம் பச்சையாக, அழகாக, அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டது. எதுவுமே நடக்கவில்லை. கை தானாகப் போனைத் தேடியது. கடைசி ஒரு மணி நேரம் பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

கோளாறு என்னிடமா, இடத்திலா? இப்படி நடக்க எந்த வேகம் சரி? அடுத்த முறை ஏழு வயது மகளைக் கூட்டிப்போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பாதிக் கோளாறு இடத்தில்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பழியை எப்போதும் நடப்பவர் தலையில்தான் போடுவார்கள்: மனம் அலைபாய்கிறது, மூச்சைக் கவனி, போனை அணைத்து வை. நீங்கள் நடந்த வயலில் பார்க்கவும் கேட்கவும் நிஜமாகவே ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

"எல்லாம் பச்சையாக" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் அந்தப் பக்கத்து வயல் விளிம்புவரை பச்சையாக இருந்தால் அது அநேகமாகக் குளிர்காலக் கோதுமை. முந்தைய வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே விதைத்துவிடுவார்கள். ஒரு காலத்தில் அறுவடைக்குப் பிறகு அரிதாளைக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவைத்து, வசந்தத்தில் உழுது விதைப்பதுதான் பரவலாக இருந்தது. சிந்திய தானியம் பறவைகளைக் குளிர்காலம் தாண்ட வைத்தது. வசந்தத்தில் வெறும் மண்ணும் குட்டைப் பயிரும் இருந்ததால் தரையில் கூடு கட்டுகிற பறவைகளுக்கு இடம் கிடைத்தது. இப்போது மே மாதம் வருவதற்குள் கோதுமை முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக எழுந்துவிடுகிறது. நடப்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சி, வானம்பாடிக்கு அது சுவர்.

வானம்பாடி என்றால் நம்மில் பலருக்குக் கவிதை ஞாபகம்தான் வரும். அந்த வயல்களில் அது ஒரு மண்ணிறச் சின்னக் குருவி. கூடு தரையில், பயிருக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளத்தில் இருக்கும். எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு ஜோடி ஒரு கோடையில் இரண்டு மூன்று முறை குஞ்சு பொரிக்க வேண்டும். ஏப்ரலில் முதல் ஈடு எப்படியோ நடந்துவிடும். அதற்குள் பயிர் அடர்ந்துவிடுவதால் இரண்டாவது ஈட்டுக்கு உள்ளே இறங்கவே வழியிருக்காது. ஐரோப்பா முழுக்க விளைநிலப் பறவைகள் 1980க்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதற்கு இப்படி முன்கூட்டியே விதைப்பதும் ஒரு காரணம். பூச்சிமருந்து, வேலிப்புதர்களை அழித்தது என்று மற்றவையும் உண்டு.

ஆகவே நீங்கள் அனுபவித்த அமைதியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஏப்ரல் காலையில் ஒரு வயல் அமைதியாக இருக்கக்கூடாது. அது பறவைகளுக்கு வருடத்திலேயே மும்முரமான நேரம், சண்டையும் கூச்சலுமாக இருக்க வேண்டிய நேரம். விவசாயிகளைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. விதைக்கும்போது டிராக்டர் ஓட்டுகிறவர் விதைப்புக் கருவியைச் சில விநாடி தூக்கிப் பிடித்தால் போதும், சின்ன அறையளவுக்கு ஒரு வெற்றிடம் விழுந்துவிடும். ஹெக்டேருக்கு இப்படி இரண்டு விட்டால் வானம்பாடிகள் பயிருக்குள் இறங்கி இரை தேட முடிகிறது. கேம்பிரிட்ஜ்ஷயரில் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. 2000 வாக்கில் ஒரு பண்ணையையே வாங்கி, கோதுமை விளைவித்துக்கொண்டே இதையெல்லாம் செய்து பார்த்தது. அங்கே பறவைகள் திரும்பி வந்தன. அடுத்த முறை கோதுமைக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு மொட்டைத் திட்டு தெரிந்தால் அங்கே நில்லுங்கள். தலைக்கு மேலே எங்கோ ஐம்பது, நூறு மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி நிமிடக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கலாம். இறங்கும்போது அது நேராகக் கூட்டுக்கு வராது. தள்ளி இறங்கி, பயிருக்குள் ஓடியே போகும். இறங்கிய இடத்தில் கூட்டைத் தேடி ஏமாறாதவர் இல்லை. தேடாமல் இருப்பதுதான் அதற்கும் நல்லது. பாட்காஸ்ட் பற்றி எனக்கு ஒழுக்க ரீதியான ஆட்சேபம் கிடையாது. ஆனால் இந்தப் பறவை கண்ணில் படுவதற்கு வெகு முன்பே காதில் விழும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் குளங்கள். நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் ஆவல். நார்ஃபோக் வயல்களில் இப்படிக் கிட்டத்தட்ட 23,000 குளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏராளமானவை மனிதன் தோண்டியவை, அதுவும் தண்ணீருக்காக அல்ல. அந்த மேல்மண்ணில் அமிலத்தன்மை அதிகம். அடியில் 'மார்ல்' என்னும் சுண்ணாம்புக் களிமண் கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, அமிலத்தைத் தணிக்க அதை வெட்டியெடுத்து வயலில் பரப்பினார்கள். வெட்டிய குழியில் தண்ணீர் நின்றது, பிறகு உயிர்கள் வந்து சேர்ந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்குத் தோதாக வயல்களைப் பெரிதாக்கியபோது பல குழிகளை மூடி அதன் மேலேயே உழுதுவிட்டார்கள்.

மூடியது முழுக்கச் செத்துவிடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் இப்படியும் அதற்கு முன்பும் மூடப்பட்ட சில குளங்களை மறுபடி தோண்டினார்கள். பேய்க்குளங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். பழைய சேறு வெளிப்பட்டதும், சில இடங்களில் நூறு வருடத்துக்கு மேல்கூடப் புதைந்து கிடந்த நீர்த்தாவர விதைகள் சில மாதங்களில் முளைத்துவிட்டன. 2017இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நீங்கள் நடக்கும்போது வயலுக்கு நடுவே லேசான பள்ளமும் அங்கே மட்டும் ஈரமும் பயிர் சோடையாகவும் இருந்தால், கீழே ஒரு குளம் இருக்க வாய்ப்புண்டு. ஊகத்தைச் சரிபார்க்கவும் முடியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம், இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கிளம்புவதற்கு முந்தைய இரவு அரை மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள். நடை ஒரு துப்பறியும் வேலையாக மாறிவிடும்.

இன்று இருக்கிற குளங்களிலும் பல இருட்டுக் குளங்கள்தான். சுற்றிலும் வில்லோ மரங்கள் கவிந்து வெயிலே படாமல், இலை அழுகிய கறுப்புச் சேறாகக் கிடக்கும். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் எழுதினால் சரிதான். தெற்கும் மேற்கும் திறந்திருக்கிற, வெயில் விழுகிற குளமாகப் பாருங்கள். குளங்களை மீட்கிறவர்கள் முதலில் செய்வதும் அதுதான், அந்த இரண்டு பக்கத்து மரங்களை வெட்டிச் சேற்றை வாருவது. வெயில் வந்தால் செடி, செடி வந்தால் பூச்சி, பூச்சி பறக்க ஆரம்பித்தால் சுற்றுவட்டாரப் பறவைகளெல்லாம் குஞ்சுக்கு இரை தேடி அங்கேதான் வரும்.

பாதை கோதுமைக்குக் குறுக்கே போனால் கூச்சப்படாமல் அதன் வழியே நடங்கள். பொதுப் பாதையை உழுதுவிட்டால் பதினான்கு நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு நடக்கத் தோதாக்கித் தர வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. ஓரமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள்.

வேகத்துக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் மணிக்கு மூன்று மைல் என்று ஒரு கணக்குப் போட்டார். மலையில் இருட்டுவதற்குள் இறங்க அது உதவும், உங்களுக்கு வேண்டாம். மூன்று மணி நேரத்தில் நாலைந்து குளம் அதிகம். ஒரு குளம் போதும், அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், சொல்லப்போனால் அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். கரையோரம் தண்ணீரில் மிதக்கும் புல்லையும் புதினா மாதிரியான செடிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சில இலைகள் நுனியில் மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது நியூட்டின் வேலை, தவளையின் உறவு, வாலோடு இருக்கும். பெண் நியூட் பின்னங்கால்களால் இலையை மடித்து, உள்ளே ஒரே ஒரு முட்டையை வைத்து ஒட்டிவிடும். ஒரு பருவத்தில் 200 முட்டைக்கு மேல் இப்படி ஒவ்வொன்றாக. மடிப்பைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும், பிரிக்க விடாதீர்கள். பிரித்தால் முட்டை அடுத்து வருகிற மீனுக்கோ பூச்சிக்கோ இரை. தவளை முட்டை குவியலாகவும் தேரை முட்டை செடியைச் சுற்றிய நூல்சரமாகவும் இருக்கும், மூன்றையும் அவளே பிரித்துச் சொல்லிவிடுவாள்.

பாட்டிலில் பிடித்து அடுத்த குளத்தில் விடலாமா என்று நிச்சயம் கேட்பாள். கூடாது. தவளைகளைக் கொல்லும் நோய்களும் குளத்தையே மூடிவிடும் அயல்நாட்டுக் களைகளும் அப்படித்தான் பரவுகின்றன. அதே காரணத்துக்காக, வீடு வந்ததும் இரண்டு பேர் பூட்ஸையும் சேறு போகக் கழுவி நன்றாகக் காயவைத்துவிடுங்கள்.