இட்லியா, ஓட்ஸ் கஞ்சியா?

கேள்வி: மதுரைல இருந்து ஸ்காட்லாந்து வந்து செட்டிலான குடும்பம் நாங்க. இன்வெர்னஸ்ல எங்க வீட்டுல ரெண்டு ரூம் சும்மா கிடக்கு, அதை பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்டா, அதாவது ராத்திரி தங்க ரூமும் காலைல டிபனும் குடுக்கிற இடமா நடத்தலாம்னு இருக்கோம். காலைல இட்லி, பொங்கல் குடுக்கணும், வாசல்ல கோலம் போடணும்னு எனக்கு ஆசை. என் வீட்டுக்காரரோ, "லாக் நெஸ் ஏரி பார்க்க வர்றவங்களுக்கு எதுக்கு நம்ம ஊர் சமாச்சாரம், அவங்க சாப்பிடுறதையே குடுப்போம்"ங்கிறார். யார் சொல்றது சரி?
- ஒரு வாசகி, இன்வெர்னஸ்

பதில்: நான் உங்க பக்கம்தான் சகோதரி, ஆனா அவர் பயத்துலயும் பாதி நியாயம் இருக்கு. ஒரு ராத்திரி தங்கிட்டு விடிஞ்சதும் மலை ஏறக் கிளம்புறவங்க, தட்டுல என்ன வரப்போகுதுன்னே தெரியாம வந்து உக்காந்தா முழிக்கத்தானே செய்வாங்க. அதனால ரெண்டும் இருக்கட்டும், முதல் நாள் ராத்திரியே ஒரு சீட்டைக் குடுத்து எது வேணும்னு டிக் பண்ணச் சொல்லிடுங்க, எத்தனை இட்லி ஊத்தணும்னு உங்களுக்கும் கணக்கு தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, ஸ்காட்லாந்துல பழைய வழக்கப்படி ஓட்ஸ் கஞ்சிக்கு சர்க்கரை கிடையாது, உப்புதான். நம்ம கஞ்சியும் அதே மாதிரிதானே! இதை கெஸ்ட்கிட்ட சொல்லிப் பாருங்க, பேச்சு தானா வளரும். ஹால் முழுக்க நடராஜர் சிலையும் தஞ்சாவூர் ஓவியமும் அடுக்கினா வீடு கடை மாதிரி ஆயிடும், எனக்கு அதுல இஷ்டமில்ல, நீங்க தினமும் எப்படி இருக்கீங்களோ அதை அவங்க பார்க்கட்டும். கோலத்தை மழை கரைச்சிடும், அதனால கதவுக்கு உள்பக்கம் போடுங்க. குளிர்ல மாவு பொங்கலைன்னா ஓவனை சூடாக்காம லைட்டை மட்டும் எரியவிட்டு உள்ள வைங்க.

நீங்க கேக்காத விஷயம் ஒண்ணு, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம்: அலர்ஜி. அங்க சட்டப்படி 14 வகை பொருள்ல எது சாப்பாட்டுல இருந்தாலும் சாப்பிடுறவங்களுக்கு தெரியப்படுத்தணும், அதுல கடுகு, எள்ளு, பால், வேர்க்கடலை, முந்திரி எல்லாம் வருது, அதாவது நம்ம தாளிப்பு, நல்லெண்ணெய், நெய் விட்ட பொங்கல் எதுவுமே தப்பாது. பெருங்காயத்தை யாரும் யோசிக்கவே மாட்டாங்க, ஆனா கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படிக்காம சாம்பார்ல குளூட்டன் (கோதுமைல இருக்கிற ஒரு புரதம், சிலருக்கு ஒத்துக்காது) இல்லைன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஒருத்தர் உடம்பு சம்பந்தப்பட்டது.

அப்புறம் லைசென்ஸ். குடியிருக்கிற வீட்டுலயே ரூம் குடுத்தாலும், 2022 அக்டோபர்ல இருந்து புதுசா ஆரம்பிக்கிறவங்க கவுன்சில்ல, அதாவது உள்ளூர் நிர்வாகத்துல, ஷார்ட் டெர்ம் லெட் லைசென்ஸ் (கொஞ்ச நாள் தங்குறவங்களுக்கு ரூம் வாடகைக்கு விடுற அனுமதி) வாங்கின பிறகுதான் கெஸ்ட்டை எடுக்க முடியும். அதுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (உங்க இடத்துல கெஸ்ட்டுக்கு ஏதாவது ஆனா நஷ்டஈட்டுக்கு உதவுறது), ஒண்ணு அடிச்சா எல்லாமே சேர்ந்து அடிக்கிற ஃபயர் அலாரம்னு கண்டிஷன் இருக்கு. சாப்பாடு குடுக்கிறதால ஃபுட் பிசினஸ்னு திறக்கிறதுக்கு 28 நாள் முன்னாடியே கவுன்சில்ல தனியா பதிவு பண்ணிடுங்க.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இனிமே வாதாட வேணாம். முதல் வாரம் ஃபில்டர் காபி அவர் பொறுப்புன்னு விட்டுடுங்க, அவரே ஆத்தி டேபிளுக்கு கொண்டு போகட்டும், ரெண்டாவது டம்ளர் கேக்கிறவங்க முகத்தையும் அவரே பார்க்கட்டும்.