நல்ல ஆட்டக்காரர் நல்ல கோச் ஆக முடியாதா? டான் ஸ்டேலியைப் பாருங்கள்

"கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர்கள் பிற்பாடு பெண்கள் அணிக்குக் கோச்சாகி பெரிய அளவில் ஜெயித்ததுண்டா? பெரிய ஆட்டக்காரர்கள் கோச் வேலையில் சோபிப்பதில்லை என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தை விடாமல் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டான் ஸ்டேலி. பிலடெல்பியாவின் வடபகுதியில், அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். உயரம் 5 அடி 6 அங்குலம்தான். 1988 முதல் 1992 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். மூன்று முறை அணியைத் தேசியத் தொடரின் கடைசி நான்கு (அரையிறுதி) வரை கொண்டுபோனார். கோப்பை ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1991 பைனலில் கூடுதல் நேரம் வரை போய் டென்னசி பல்கலைக்கழகத்திடம் 70-67 எனத் தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்டேலிக்குத்தான்.

அன்று டென்னசிக்குக் கோச்சாக இருந்தவர் பாட் சம்மிட். அவரும் கல்லூரியில் ஆடி வந்தவர்தான். 1974இல் 22 வயதில், மாதம் 250 டாலருக்கு வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டக்காரிகளின் சீருடையைத் துவைத்ததும் அவர்தான். 8 தேசிய சாம்பியன் பட்டங்கள், 1,098 வெற்றிகளோடு 2012இல் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

ஸ்டேலிக்கு கோச் ஆகும் ஆசையே இருக்கவில்லை. 2000இல் சொந்த ஊரான பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டுப் பேசி, துவண்டு கிடந்த அணியைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று சவால் விட்டதில்தான் விழுந்தார். அப்போது அவர் அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏவில் ஆடிக்கொண்டிருந்தார். கோடையில் ஆட்டம், குளிர்காலத்தில் கோச் வேலை என்று 2006 வரை இரண்டையும் சேர்த்தே ஓட்டினார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கொடியை ஏந்தி வந்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே கிடைத்தது அவருடைய மூன்றாவது ஒலிம்பிக் தங்கம்.

2008இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போனார். முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. அடுத்த பருவம் 14-15. நம்மூரில் என்றால் முதல் வருடமே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அங்கே பொறுத்தார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு: கல்லூரிக் கோச்சின் பாதி வேலை மைதானத்தில் இல்லை. பள்ளி மாணவிகளின் வீடு தேடிப் போய், அம்மா அப்பாவிடம் பேசி, எங்கள் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று சம்மதிக்க வைக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரிகள் வந்து சேரவே சில வருடம் பிடிக்கும். உள்ளூர்ப் பெண்ணான ஏஜா வில்சன், நாடே துரத்திய ஆட்டக்காரி, 2014இல் ஸ்டேலியிடம் சேர்ந்தபிறகு கதை மாறியது. 2017இல் முதல் தேசியப் பட்டம். 2022இல் இரண்டாவது. நடுவில் 2015, 2021 அரையிறுதிகளில் தோல்வி. இரண்டிலும் ஸ்கோர் 66-65. ஒரே ஒரு புள்ளி!

எனக்குப் பிடித்தது 2024 பட்டம்தான். முந்தைய வருடம் ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த ஸ்டேலியின் அணியை அரையிறுதியில் அயோவா பல்கலைக்கழகம் 77-73 என வீழ்த்தியது. அயோவாவின் நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் மட்டும் 41 புள்ளி. அந்த ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோட்டருகே பந்தோடு நின்ற ஸ்டேலியின் ஆட்டக்காரி ரேவன் ஜான்சனை, "நீயெல்லாம் எறிந்து என்ன ஆகப் போகிறது" என்பதுபோல் கையை வீசிக் காவலே இல்லாமல் விட்டார் கிளார்க். அந்தக் காட்சி இணையமெங்கும் ஓடியது. ஸ்டேலி அணியின் முதல் ஐவரும் அந்த வருடத்தோடு கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். ஸ்டேலி புது அணியைக் கட்டி ஒரு தோல்வியும் இல்லாமல் மறுபடி பைனலுக்கு வந்தார். எதிரே அதே அயோவா. முதல் குவார்ட்டரில் கிளார்க் 18 புள்ளி அடித்தார். அப்புறம் அவரைக் காவல் காத்தது, ஆமாம், ரேவன் ஜான்சன். முதல் பாதி முடியும் நேரத்தில் கிளார்க்கின் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் போட்டார். முடிவு 87-75, பருவம் 38-0. பெஞ்சிலிருந்து மாற்றாக இறங்கியவர்கள் அடித்த புள்ளிகளை மட்டும் பார்த்தால் 37-0. பெஞ்சில் இருப்பவரையும் பைனலுக்குத் தயாராக வைத்திருப்பது கோச்சின் கைவேலை என்பது என் கட்சி.

"பெரிய ஆட்டக்காரர் கோச்சாகச் சோபிக்க மாட்டார்" என்பது, கூடைக்கு அருகே உயரத்தை வைத்தே ஜெயித்தவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். ஸ்டேலி பாயிண்ட் கார்டு. யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்று ஆட்டத்துக்குள்ளேயே முடிவெடுக்கும் இடம் அது. கோச் வேலையின் ஒரு பகுதியைப் பதினெட்டு வயதிலேயே செய்து பழகியிருந்தார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1972இல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண் கோச்கள்தான். சட்டத்தால் சம்பளமும் மதிப்பும் ஏறியதும் ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால் ஸ்டேலிக்குக் கிடைத்த வாய்ப்பு ஆடி முடித்த எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. பட்டம் ஜெயித்த அணி கூடை வலையை வெட்டியெடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 2017இல் அப்படி வெட்டியெடுத்த வலையைப் பிற்பாடு துண்டு துண்டாக்கி, நாடெங்கும் உள்ள கறுப்பினப் பெண் கோச்களுக்கு அனுப்பி வைத்தார் ஸ்டேலி.